இஸ்திரி அறையில் அடைவைத்த முட்டைகள்

என் கணவருக்கு ஊரில் ஈரக்கை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ஆனால் "ஈரக்கை கடை எங்கே?" என்று கேட்டால் பஸ் நிற்கும் இடத்திலிருந்தே வழி சொல்லிவிடுவார்கள். முப்பது வருடமாக இஸ்திரி போடுகிறார். துணிக்குத் தண்ணீர் அடிக்க பாட்டில் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இவர் தொடமாட்டார். பக்கத்தில் ஒரு கிண்ணம், அதில் விரலை நனைத்து ஒரே உதறு, அவ்வளவுதான். காலருக்கு எவ்வளவு, திரைச்சீலைக்கு எவ்வளவு என்று அந்த விரல்களுக்கே தெரியும் என்பது அவர் நினைப்பு. நான் கொடுக்கும் டீ டம்ளரில் ஐந்து விரலும் அச்சுப் போட்ட மாதிரி பதிந்திருக்கும். கல்யாணமான புதிதில் இந்த மனுஷனுக்கு ஏதோ வியாதி என்று நான் பயந்ததும் உண்டு.

வீடும் கடையும் ஒன்றுதான். தெருவைப் பார்த்த முன்னறையில் இரண்டு மேஜை, ஒரு சின்ன பாய்லர், அதிலிருந்து இஸ்திரிப் பெட்டிக்கு ஓடும் ரப்பர் குழாய். லாட்ஜ் விரிப்புகளும் நர்ஸ்களின் உடுப்பும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காலையில் பாய்லரைப் பற்றவைத்தால் இருட்டும்வரை உஸ் உஸ் என்று ஆவிதான். அது முன்னறையோடு நிற்கிற ஆவியா? சுவரில் சுண்ணாம்பு தங்காது. அலமாரிக் கதவு உப்பிப்போய்ச் சாத்தாது. சமையலறையில் உப்பை ஜாடிக்குள் கரண்டியால் குத்திப் பெயர்த்துத்தான் எடுக்க வேண்டும். மூன்று தீக்குச்சி கிழித்தால் ஒன்று பற்றும். இதையெல்லாம் நான் புலம்பினால், "இந்த ஈரந்தான்டி நமக்குச் சோறு போடுது" என்று என் வாயை அடைத்துவிடுவார்.

இவருக்கு முட்டைப் பைத்தியம் பிடித்தது அண்ணனைப் பார்த்து. அவர்தான் என் மூத்தார். அவருக்கு ஊருக்கு வெளியே கோழிப்பண்ணை. பண்ணை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், கம்பி வேலி போட்ட ஒரு முற்றமும் நாலைந்து கொட்டகையும்தான். ஆனால் அந்தக் கோழிகள் வேறு யாரிடமும் கிடையாது. சாம்பல் நிறம், கறுத்த கால், நெட்டையான கழுத்து. நல்லதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்து, கழித்து, பாதி ஆயுசைப் போட்டு அந்த வகையை உண்டாக்கியவர் அவர். தன் பிள்ளைகளின் பிறந்தநாளைக் கேட்டால் விழிப்பார், எந்தச் சேவல் எந்தப் பெட்டைக்குப் பிறந்தது என்றால் தூக்கத்திலும் சொல்வார். அந்தப் பெட்டைகளுக்கு ஒரே குறை, அடைகாக்காது. முட்டையை இட்டுவிட்டு மகாராணி மாதிரி எழுந்து போய்விடும். அதனால் எல்லாமே இயந்திரப் பொரிப்புதான்.

அண்ணனைப் பார்த்து இவரும் ஒரு மரப்பெட்டி செய்தார். இரண்டு பல்பு, ஒரு குட்டி விசிறி, சூடு ஏறினால் தானாக அணைக்கிற ஒரு சாமான், கீழே தண்ணீர்த் தட்டு, முன்பக்கம் கண்ணாடி. முன்னறை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கிறது, கரண்ட் மிச்சம் என்று இஸ்திரி மேஜைக்குப் பக்கத்திலேயே வைத்தார். முதல் தடவை முட்டைகளையும் துணி மாதிரியே நடத்தினார். இரண்டு தட்டுத் தண்ணீர், மேலே ஒரு நனைத்த துண்டு, போதாதற்குப் போகும்போதும் வரும்போதும் விரல் உதறல். ஒன்றுகூடப் பொரியவில்லை. ஓட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே முழுசாக வளர்ந்த குஞ்சுகள் தண்ணீரில் ஊறிப்போய்க் கிடந்தன. அன்று இவர் சாப்பிடவில்லை.

மூத்தார்தான் விளக்கினார். முட்டை நாளாக நாளாகக் கொஞ்சம் வற்ற வேண்டுமாம். அது வற்ற வற்றத்தான் மழுங்கின பக்கத்தில் காற்றுப்பை பெரிதாகும், குஞ்சு முதல் மூச்சை அதில்தான் இழுக்கும். ஈரம் அதிகமானால் முட்டை வற்றாது, மூச்சுவிட இடம் இருக்காது, உள்ளேயே முழுகிச் செத்துவிடும். "ஆனா கடைசி மூணு நாள் நேர்மாறு. அப்ப ஈரத்தைக் கூட்டணும். இல்லேன்னா உள்சவ்வு காஞ்சு குஞ்ச இறுக்கிப் பிடிச்சிரும்" என்றும் சொன்னார். இவர் தலையைத் தலையை ஆட்டினார். முன்பாதியை மட்டும் மனசில் வாங்கிக்கொண்டார். முழுகிச் செத்த குஞ்சுகளைக் கண்ணால் பார்த்தவருக்கு, தண்ணீரைக் கூட்டு என்றால் காதில் ஏறுமா?

அதிலிருந்து ஒரே ஒரு சின்னத் தட்டு. முதல் நாளும் அதே தட்டு, கடைசி நாளும் அதே தட்டு. ஆனால் பொரித்தது பாருங்கள், அப்படிப் பொரித்தது. வைத்ததில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் குஞ்சாகிக் கத்தும். அக்கம்பக்கத்தார் முட்டையைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். "அவர் கைராசி" என்றார்கள். இவரும் அதை நம்பினார். "கடைசியில ஈரம் கூட்டினியா?" என்று மூத்தார் கேட்கும்போதெல்லாம் இவர், "கூட்டினேன்ணே" என்பார். எதற்கு வாதம் என்று ஒரு பொய். கூட்டாமலேதான் பொரிகிறதே, அண்ணன் சொன்ன மறுபாதி வெறும் வழக்கப் பேச்சு என்று இவருக்குள் ஒரு தீர்ப்பு.

மூத்தார் ஈரம் காட்டும் மீட்டர் ஒன்றும் வாங்கிக்கொடுத்திருந்தார், வட்ட முகம், ஒரு முள். பெட்டிக்குள் மாட்டிய நாளிலிருந்து அந்த முள் ஒரே இடத்தில் நின்றது. மழைக்கும் அசையாது, வெயிலுக்கும் அசையாது. "செத்த முள்ளு" என்று இவர் அதற்குப் பெயர் வைத்தார். அதைப் பார்ப்பதைவிடக் காற்று போகும் துளையில் கையை வைத்துப் பார்ப்பதுதான் சரி என்பார். நானும் சிரித்தேன். சிரிக்கிற விஷயமாகத்தான் அப்போது இருந்தது.

அந்த வருடம் இடி விழுந்து மூத்தாரின் இயந்திரம் கருகிப்போனது. புதிது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, நல்ல பெட்டைகளின் முட்டையாகப் பொறுக்கி இரண்டு அட்டைத் தட்டில் அடுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இவரிடம் கொடுத்தார். "என் இயந்திரத்தவிட உன் கை மேல்னு ஊரே சொல்லுது. பாப்போம்டா" என்றார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்க அறுபது வயதை நெருங்க வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் என் ஓரகத்தி, மூத்தார் மனைவி, போன் செய்தாள். அழுகையில் முதலில் ஒன்றும் புரியவில்லை. கொட்டகையில் நாலைந்து கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றுகிறதாம். மறுநாள் அவை செத்தன. அதற்கு மறுநாள் வரிசையாக விழுந்தன. கால்நடை டாக்டர் ஆட்களோடு வந்தார், குழி வெட்டச் சொன்னார், மிச்சம் உயிரோடு இருந்ததையும் சேர்த்துப் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். பெட்டை, சேவல், குஞ்சு ஒன்று பாக்கியில்லை. "முத்தம் வெறிச்சுன்னு கெடக்கு. எங்க வீட்டுக்காரர் பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்கார்" என்றாள்.

நான் போனை வைத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தேன். இரண்டு பல்பு வெளிச்சத்தில் முட்டைகள் சும்மா கிடந்தன. நோய் வருவதற்கு முன்னால் இட்டவை, அதனால் பயமில்லை என்றுதான் டாக்டர் சொன்னாராம். அப்படியானால் மூத்தாரின் பாதி ஆயுசு இப்போது எங்கள் முன்னறையில், இவர் கையில் இருக்கிறது. இவரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "ஒண்ணு விடாம எடுத்துக் குடுக்குறேன் பாரு" என்றார். அந்தத் தைரியத்தைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது.

இரண்டு நாள் கழித்து மூத்தார் வந்தார். வாசல்வரை வந்தவர் படியேறவில்லை. அந்த நோய் மனுஷனுக்கு ஒன்றும் செய்யாதாம், ஆனால் துணியில், கையில், காலில் எதில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொண்டு போகுமாம். முட்டை இருக்கிற இடத்துக்கே போகக்கூடாது, பொரித்த குஞ்சு பக்கம் போகவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த கடையின் நிழலில் நின்றுகொண்டு, "ஒரு ஸ்டூல் இருந்தாக் குடும்மா" என்றார். நான் கொண்டுபோய்ப் பாதித் தெருவில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் வந்து எடுத்துக்கொண்டார். கூடப்பிறந்த தம்பி வீட்டு வாசலில் மனுஷன் தொற்றுநோய்க்காரர் மாதிரி உட்கார்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தார். காலையில் வந்தால் வெயில் சாயும்வரை இருப்பார். ஜன்னல் வழியாகப் பெட்டியின் கண்ணாடி தெரியும், அதையே பார்ப்பார். பேப்பர்கூடப் படிப்பதில்லை. துணி கொடுக்க வருகிறவர்கள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி, "யாருக்கா அது? ஏதோ சாவு வீட்டு வாசல்ல உக்காந்த மாதிரி இருக்கார்?" என்றாள். அடி வாயை மூடு என்று அவளை அதட்டி அனுப்பினேன். ஆனால் அவள் சொன்னது என் காதைவிட்டுப் போகவில்லை.

முட்டைகள் நன்றாகத்தான் இருந்தன. கதவைச் சாத்தி, இருட்டில் டார்ச்சை முட்டைக்கு அடியில் வைத்து இவர் ஒவ்வொன்றாகப் பார்ப்பார், எனக்கும் காட்டுவார். உள்ளே சிவப்பு நரம்பு ஓடி, நடுவில் கறுப்பாய் ஒன்று துடிக்கும். காற்றுப்பை சரியான அளவில் வளர்ந்துகொண்டு வந்தது. பார்த்து முடித்ததும் ஜன்னலுக்குப் போய்க் கத்துவார்.

"அண்ணே, எல்லாம் உசுரோட இருக்கு!"

"சேவலும் கெடைக்கணும், பெட்டையும் கெடைக்கணும்டா. ரெண்டும் வந்தாத்தான் மறுபடி ஆரம்பிக்க முடியும்."

"வரும்ணே, எல்லாம் வரும்."

மூத்தார் அப்போதும் சிரிக்கவில்லை. ஒரு தடவை என்னிடம் மட்டும் சொன்னார், "இதுவும் போச்சுன்னா எனக்கு அந்த முத்தத்துல என்னம்மா வேலை? வேலியைப் பிரிச்சுப் போட்டுட்டு எங்கயாவது போயிருவேன்." அந்தப் போயிருவேன் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவே இல்லை.

கடைசி மூன்று நாள் வந்தது. இனி முட்டையைத் திருப்பக்கூடாது, பெட்டியைத் திறக்கக்கூடாது, குஞ்சு உள்ளே தலையைச் சரியான பக்கம் திருப்பிக்கொண்டு வெளியே வரத் தயாராகும். அன்றைக்கென்று மலைப்பக்கத்திலிருந்து வறண்ட காற்று அடிக்க ஆரம்பித்தது. தெருவெல்லாம் தூசி. மூத்தார் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய்லர் ஓடும்போது மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் பெட்டிக் கண்ணாடி லேசாகக் கிணுகிணுக்கும். அதுவரை யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அன்று மூத்தார் தெருவிலிருந்தே அதைக் கேட்டுவிட்டார்.

"டேய், அந்தப் பாய்லர நிறுத்து. குஞ்சு திரும்புற நேரம். இப்ப போட்டு ஆட்டாத."

"லாட்ஜ் துணி கெடக்கேண்ணே."

"மூணு நாள்தான்டா. எனக்காக."

எனக்காக என்று அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. இவர் பாய்லரை அணைத்தார். வந்த மூட்டைகளை நான் திருப்பி அனுப்பினேன். லாட்ஜ்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார், போகட்டும். கிண்ணத்துத் தண்ணீரையும் கொட்டிக் கவிழ்த்தோம். முப்பது வருடத்தில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் உஸ் என்ற சத்தம் இல்லை. ஈ காக்கைகூட இல்லாத மாதிரி அப்படி ஓர் அமைதி. பெரிய காரியம் செய்துவிட்ட நிம்மதியில் இவர் கால் நீட்டி உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் நான் உப்பெடுக்க ஜாடியைச் சாய்த்தேன். உப்பு பொலபொலவென்று கொட்டிவிட்டது. ஒரு கணம் ஜாடி மாறிவிட்டதோ என்று பார்த்தேன். தீக்குச்சி முதல் கிழிப்பிலேயே பற்றியது. மூடாத அலமாரிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டிருந்தது. எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது, என்ன என்று சொல்லத்தான் தெரியவில்லை. டீயை இவரிடம் கொடுத்தேன். வாங்கின கை சரசரத்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது.

"ஏங்க, வீடு முழுக்கக் காஞ்சு கெடக்குங்க. உப்பு ஜாடியில ஓடுது."

"நல்லதுதான? நீ கேட்டது கெடச்சிருச்சு."

"வெளையாடாதீங்க. பெட்டிக்குள்ள ஈரம் பத்துமா?"

"உப்புக்கும் முட்டைக்கும் என்னடி சம்பந்தம்? எப்பவும் வைக்கிற தட்டுத்தான் இருக்கு. எப்பவும் பொரியறது பொரியும்."

நான் விடவில்லை. கண்ணாடி வழியாக மீட்டரைப் பார்த்தேன். அந்தச் செத்த முள் வட்டத்தின் கீழ்க்கோடிக்கு இறங்கிக் கிடந்தது. இழுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். இவர் குனிந்து பார்த்தார், கண்ணாடியைச் சுண்டினார், தாடையைச் சொறிந்தார். பிறகு திருவாய் மலர்ந்தார்.

"இத்தனை வருஷமா அசையாத முள்ளு இன்னிக்கு அசையுதுன்னா என்ன அர்த்தம்? சுத்தமாக் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

காற்றுத் துளையில் கையை வைத்துப் பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார். அந்தக் காய்ந்து வெடித்த கைக்கு என்ன தெரிந்திருக்கும்? ஜன்னலுக்கு வெளியிலிருந்து மூத்தார் கேட்டார், "ஈரம் கூட்டிட்டியாடா?" "கூட்டிட்டேன்ணே" என்றார் இவர். வழக்கமான பதில். அதைக் கேட்டு மூத்தாரும் திருப்தியாகி ஸ்டூலுக்குத் திரும்பினார்.

மூன்றாம் நாள் காலையில் உள்ளிருந்து கீச் என்றது. ஓட்டுக்குள்ளிருந்து வருகிற குரல் மெல்லியது, இருந்தும் அந்த அமைதியில் தெருவரைக்கும் கேட்டது. மூத்தார் எழுந்து ஜன்னல் பக்கம் வந்துவிட்டார். அன்று விடியலில் நாய்கள் கோழிகளைப் புதைத்த அந்தக் குழியைத் தோண்டிவிட்டனவாம். மண்ணை வெட்டிப் போட்டு மறுபடி சுண்ணாம்பு கொட்டிவிட்டு நேரே வந்திருந்தார். கை, கால், வேட்டி ஓரம் எல்லாம் வெள்ளை. "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன். குழந்தை மாதிரித் தலையாட்டிவிட்டுப் பின்னால் போனார். ஒவ்வொரு முட்டையிலும் நட்சத்திரம் விட்ட மாதிரி விரிசல் விழுந்தது. சிலதில் மூக்கு நுனி தெரிந்தது. குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெட்டி முழுக்கக் கீச் கீச் என்று நிறைந்தன. இவர் என் தோளைப் பிடித்து உலுக்கினார், சிறுபிள்ளை மாதிரிக் குதித்தார்.

அதோடு சரி. விரிசல் விட்ட முட்டை விரிசலோடு நின்றது. வழக்கமாகக் குஞ்சு உள்ளே சுற்றிச் சுற்றி ஓட்டை வட்டமாக வெட்டிக்கொண்டு வரும், சமையல் முடிவதற்குள் நாலைந்து வெளியே விழுந்து கிடக்கும். அன்று எதுவும் சுற்றவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது, காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தது. இவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வரும், வரும்" என்பதை விட்டு வேறு பேச்சில்லை. பிறகு குரல்கள் குறைய ஆரம்பித்தன. முதலில் எனக்குப் பிரமை என்று நினைத்தேன். மூலையில் ஒன்று நின்றது. முன்வரிசையில் ஒன்று நின்றது. அப்போதுதான் கத்திக்கொண்டிருந்த ஒன்று பாதியில் நின்றுபோனது.

"சத்தம் கொறையுதேடா!" என்றார் மூத்தார் தெருவிலிருந்து.

"நீங்க எந்திரிங்க முதல்ல" என்று இவரைத் தள்ளிவிட்டுப் பாய்லரைப் பற்றவைத்தேன். இவர் என்னைப் பார்த்தார், பாய்லரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அந்த முகம் மாறியதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இத்தனை வருடம் கடைசி மூன்று நாளுக்கு வேண்டிய ஈரத்தைக் கொடுத்தது யார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கையும் இல்லை, ராசியும் இல்லை. இந்தப் பாய்லர் ஊதிய ஆவிதான் அந்தத் தட்டு செய்யாத வேலையைச் செய்திருக்கிறது. முள் ஒரே இடத்தில் நின்றதும் அது செத்ததால் அல்ல, வீடு எப்போதும் ஒரே ஈரத்தில் இருந்ததால்.

பாய்லர் சூடேறுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. ஆவி கிளம்பி அறை மங்கியதும் இவர் பெட்டியைத் திறந்தார். நான் வெந்நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து கொடுத்தேன். முதல் முட்டையை எடுத்தார். விரிசலுக்குள் தெரிந்த உள்சவ்வு பழுப்பாகி, கஞ்சி போட்ட காலர் மாதிரி விறைத்திருந்தது. மெதுவாக நனைத்து நனைத்து உரித்தார். அது குஞ்சின் முகத்திலும் சிறகிலும் தோலாகவே ஒட்டியிருந்தது. உள்ளே குஞ்சு முழுசாக இருந்தது, சாம்பல் நிறமும் கறுத்த காலுமாக. மூச்சு இல்லை. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"நாங் கொன்னுட்டேன்டி" என்றார் இவர். "எங்கண்ணன்கிட்டப் பொய் சொல்லி நாங் கொன்னுட்டேன்."

"அப்புறம் அழுவீங்க. கத்துறதப் பாத்து எடுங்க முதல்ல" என்றேன். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அந்த முட்டையாலேயே அடித்திருப்பேன். ஆனால் அவர் உடனே பஞ்சை எடுத்து அடுத்த முட்டையை ஒற்றுவதைப் பார்த்ததும் ஆத்திரம் எங்கோ போய்விட்டது. ஓடு மேஜைமேல் குவிந்தது. அந்தப் பக்கம் பார்க்காமலேயே வேலை செய்தோம். கடைசியில் துண்டின்மேல் ஐந்து உயிர் தப்பிக் கிடந்தன. கழுத்தைத் தூக்கத் தெம்பில்லாமல், ஆனால் மூச்சு விட்டுக்கொண்டு, நனைந்து கிடந்தன. இவர் சிறகைத் தூக்கிப் பார்த்துச் சேவல், பெட்டை என்று சொல்லத் தெரிந்தவர் இல்லை. ஐந்தில் இரண்டும் இருக்காதா என்று நான் வேண்டாத தெய்வமில்லை. என் கையில் ஆறாவது ஒன்று பாதி ஓட்டோடு இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறந்துவிட்டோம். ஆவியில் ஜன்னல் மங்கி, தெருவில் நின்றவருக்கு உள்ளே எதுவும் தெரியாமல் போயிருந்தது. குரலும் கேட்கவில்லை. அவர் எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? வாசற்படியில் நிழல் விழுந்தது. நான் நிமிர்வதற்குள் மூத்தார் உள்ளே வந்துவிட்டார். மேஜைமேல் குவிந்த ஓட்டைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். அப்படியே மண்டியிட்டு, ஒரு குஞ்சை இரண்டு கையாலும் அள்ளிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"இருக்குடா... அதே காலுடா... கறுத்த காலு..." மனுஷன் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. இன்னொன்றையும் எடுத்தார். மூச்சால் ஊதி அதற்குச் சூடு காட்டினார். மற்ற மூன்றையும் தடவினார்.

"மாமா! கை! கை!" என்று கத்தினேன்.

அவர் கையைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் சுண்ணாம்பும் குழி மண்ணும். வேட்டி ஓரம் துண்டின்மேல் கிடந்தது. முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மெதுவாக, மிக மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார். இவர் வாசலுக்கு நேரேதான் உட்கார்ந்திருந்தார். அண்ணன் படியேறியதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"நான் உள்ள வர்றதப் பாத்தியாடா?"

"பாத்தேன்ணே."

"ஏன்டா தடுக்கல?"

இவர் ஓட்டுக் குவியலைப் பார்த்தார். அதில் விறைத்துக் கிடந்தவற்றைப் பார்த்தார்.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுண்ணே தடுப்பேன்?"

மூத்தார் கையில் இருந்த குஞ்சைக் கீழே விடவில்லை. ஐந்தையும் தொட்டாயிற்று, என் கையிலிருந்த ஒன்றை மட்டும் வைத்து மறுபடி ஆரம்பிக்கவும் முடியாது, விட்டு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.